104-ஆம் சங்கீதத்துக்குப் படங்கள்: தேரிக்காடு போனவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் அறுவடைப் பண்டிகைக்கு 104-ஆம் சங்கீதத்தை வைத்து ஒரு சின்னப் புகைப்படக் கண்காட்சி வைக்கிறோம். சிலுவை, கோபுரம், வசனம் எதுவும் படத்துக்குள் வரக்கூடாது என்பது என் பிடிவாதம். அந்தச் சங்கீதத்தில் ஆலயமே கிடையாதே! காற்று, ஊற்று, சிங்கக்குட்டி, கப்பல் என்று முழுக்க வெளியிலேயே நின்று வியக்கிறது.

கடலுக்கு மணப்பாடு என்று முடிவாகிவிட்டது. சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அங்கேதான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு வள்ளமும் அலையும் போதும்.

காற்றுக்குத்தான் உதவி வேண்டும். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டில், குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேடுகள் காற்று அள்ளிக் குவித்தவை. ஆடிக் காற்றில் மணல் பறக்கும்போது எடுத்தால் காற்றே கண்ணுக்குத் தெரியும். சரி, அந்தப் பொடிமணலில் லென்ஸ் என்ன கதியாகும்? கேமராவுக்கு மழை உறை போட்டால் தாங்குமா, பழைய லென்ஸோடு போவதுதான் புத்தியா? வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டுமா?

அப்புறம், கேமரா தானே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் அந்தச் சிவப்பு வெளுத்துப்போகிறது. RAW கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப்படமாக) எடுத்துப் பிறகு நிறத்தைச் சரிசெய்பவர்கள் எந்த அளவில் நிறுத்துகிறீர்கள்?

பிரிண்ட் 12×18 அங்குலம், பளபளப்பில்லாத மேட் தாள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் நல்ல லேப் இருந்தால் சொல்லுங்கள். வேறு வானத்தை வெட்டி ஒட்டும் யோசனை மட்டும் வேண்டாம், அதற்குச் சபையிலேயே தம்பிமார் தயாராக இருக்கிறார்கள்.