குடிமைப் பணி நேர்முகத் தேர்வும் உடையும்: என் அனுபவம்

ஒரு ஜனவரி மாதத்தில் தில்லி ஷாஜகான் சாலையில், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) இயங்கும் தோல்பூர் மாளிகையில் குடிமைப் பணி நேர்முகத் தேர்வை எதிர்கொண்டவன் நான். அதன்பின் சென்னையில் மாதிரி நேர்முகத் தேர்வுகளில் மாணவர்களுக்கு எதிரே அமர்ந்து கேள்வி கேட்டும் வருகிறேன். மொத்தமுள்ள 2025 மதிப்பெண்களில் நேர்முகத் தேர்வுக்கு 275. உடைக்கென்று அதில் தனிப் பங்கு கிடையாது என்றாலும், கழுத்தை இறுக்கும் காலரும் நழுவும் முந்தானையும் பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் கவனத்தைப் பிடுங்கிக்கொள்ளும் என்பதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

ஒரு மாணவி மொடமொடப்பாகக் கஞ்சி போட்ட புதுப் பருத்திப் புடவையில் வந்திருந்தார். பார்க்க மிகவும் கம்பீரமாக இருந்தது. ஆனால் அமர்ந்தவுடன் கொசுவம் மடியில் உப்பிக்கொள்ள, ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கை அதை நீவிவிடவே போனது. அதே புடவையை ஒருமுறை அலசி, தோளில் மடிப்புகளை அடுக்கி ஊக்குக் குத்தி, அடுத்த வாரம் உடுத்தி வந்தார். கைகள் அசையாமல் மடியில் இருந்தன, பேச்சும் தடையின்றி வந்தது. ஆகவே கண்ணாடி முன் நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், முழு உடையோடு நாற்காலியில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள் என்றே எல்லோரிடமும் சொல்கிறேன்.

தில்லிக் குளிரையும் கணக்கில் வையுங்கள். ஜனவரிக் காலையில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அங்கே வழக்கம். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்தபின், நம் முறை கடைசியாக வந்தால் நெடுநேரம் காத்திருக்கவும் நேரிடும். சட்டைக்கோ ரவிக்கைக்கோ உள்ளே மெல்லிய கம்பளி உள்ளாடை அணிந்தால் வெளியே தெரியாது, உடம்பும் நடுங்காது. புது ஷூவைச் சில நாள்கள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள்.

விலையுயர்ந்த கோட்டுக்காகக் கடன் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. நண்பரின் கோட்டே தாராளமாகப் போதும். தோள் தையல் உங்கள் தோளின் முனையில் வந்து நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். கை நீளத்தைத் தையற்காரர் எளிதில் குறைத்துத் தருவார், தோளைத் திருத்துவது கடினம்.