மளிகைக்கே மாதம் 13,000 ஆகிறது, இரண்டு சின்னக் குழந்தைகள், எங்கே குறைப்பது?

ஒண்டிப்புதூர் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரில் ஒண்டிப்புதூர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு பம்ப் கம்பெனியில் லேத் வேலை, கையில் வருவது 27,000. பெரியவளுக்கு நாலு வயது, சின்னவனுக்குப் பத்து மாதம், அதனால் நான் இப்போதைக்கு வேலைக்குப் போகவில்லை. வாடகை 7,500. சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று இத்தனை நாள் எழுதி வைத்ததே இல்லை. போன மாதத்துக்கு முந்தின மாதம் இருபதாம் தேதிக்கே காசு தீர்ந்து அம்மாவிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது, அது மனதுக்கு ரொம்பச் சங்கடமாகப் போய், போன மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

கணக்கு இதுதான். சூப்பர் மார்க்கெட்டில் மாதச் சாமான் 4,300. வாசலில் வரும் வண்டியிலும் பக்கத்துக் கடையிலும் காய், பழம் 2,400. தினம் ஒரு லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால் 1,800. முட்டை, ஞாயிற்றுக்கிழமை கோழி 900. சின்னவனுக்கு டப்பா உணவு 900. மீதி 2,700 பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிற ஆப்பிலும் முக்குக் கடையிலும் போயிருக்கிறது. பிரெட், பிஸ்கட், மாவு பாக்கெட், கடுகு தீர்ந்துபோச்சு என்று கடுகு, கூடவே ஒரு சிப்ஸ். மொத்தம் 13,000.

நேற்று ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது அடித்தட்டில் கறுத்துப்போன கொத்தமல்லிக்கட்டு ஒன்று, பாதி காலிஃபிளவர், சுருங்கிப்போன கேரட் மூன்று, பூஞ்சை பிடித்த தேங்காய் மூடி ஒன்று. கையில் எடுத்து வைத்துக்கொண்டு அழுகையே வந்துவிட்டது.

9,000-க்குள் கொண்டுவர முடியுமா? பிள்ளைகளின் பால், முட்டை, பழத்தில் மட்டும் கை வைக்க எனக்கு மனசில்லை. ரேஷன் அட்டை இன்னும் எடுக்கவில்லை, அவர் பெயர் தாராபுரத்தில் மாமனார் அட்டையிலும் என் பெயர் உடுமலையில் அப்பா அட்டையிலும் இருக்கிறது.

வடவள்ளி அக்கா:

கண்ணு, முதலில் அந்த 2,700-ஐப் பார். மாதச் சாமானைப் பற்றி அப்புறம் பேசலாம். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. கடுகு வாங்கப் போனால் கடுகு மட்டும் வீட்டுக்கு வராது. ஆப்பில் இத்தனை ரூபாய்க்கு வாங்கினால்தான் டெலிவரி இலவசம் என்பார்கள், அதற்காக வேண்டாத இரண்டு பொருளைச் சேர்ப்போம். நான் செய்தது, போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டு, அடுப்படிக் கதவில் ஒரு தாளை ஒட்டினேன். எது தீர்கிறதோ அதைத் தாளில் எழுத வேண்டும், சனிக்கிழமை வரை யாரும் கடைக்குப் போகக் கூடாது. கடுகு தீர்ந்தால் சீரகம் தாளித்துக்கொள்வோம், ஒரு நாலு நாளில் குடி முழுகிப்போகாது. மாவு பாக்கெட்டை நிறுத்து, வாரத்துக்கு ஒரு தடவை கிரைண்டர் போடு.

அடுத்தது காய். உனக்கு சிங்காநல்லூர் உழவர் சந்தை பக்கம்தானே, அதை விட்டுவிட்டு வண்டியில் ஏன் வாங்குகிறாய்? விவசாயிக்கு அடையாள அட்டை கொடுத்து, இடைத்தரகர் இல்லாமல் விளைவித்தவரே நேராக விற்கட்டும் என்று 1999-ல் மதுரையில் ஆரம்பித்த ஏற்பாடு அது. அன்றன்றைய விலையைப் போர்டில் எழுதிப் போட்டிருப்பார்கள். உள்ளே போனதும் பையை நிரப்பாதே, போர்டைப் பார், ஒரு சுற்று சும்மா நடந்து வா, அதற்குள் எந்தக் காய் அன்றைக்கு நிறைய வந்திருக்கிறது என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். நிறைய வந்த காய்தான் அந்த வாரம் உன் வீட்டுச் சமையல். முருங்கை வெயில் காலத்தில் கொட்டிக் கிடக்கும், மார்கழியில் அதே காயைத் தொட முடியாது, அப்போது சாம்பாருக்குப் பூசணியோ சுரைக்காயோ போடு. கீரையும் கொத்தமல்லியும் வேண்டுமென்றால் விடியற்காலையில் போக வேண்டும். முடிகிற நேரத்தில் போனால் மிச்சத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள், ஆனால் தக்காளி அடிபட்டிருக்கும், அதை அன்றைக்கே தொக்கு போட்டுவிட வேண்டும்.

வாங்கி வந்ததும் கொத்தமல்லியை வேரை வெட்டிவிட்டு, ஈரம் போக ஃபேன் காற்றில் ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி டப்பாவில் வை, ஒரு வாரம் தாராளமாக இருக்கும். முதல் இரண்டு நாள் கீரை, வெண்டை. பிறகு கத்திரி, அவரை. கடைசியில் கேரட், பீட்ரூட், பூசணி. இந்த வரிசையில் சமைத்தால் ஃபிரிட்ஜ் அடித்தட்டில் எதுவும் கெடாது. 2,400 இருந்த இடத்தில் 1,600, 1,700 போதும்.

மளிகைக் கடையில் பதினோரு வருடம்:

நான் கடையில் நின்ற ஆள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ எத்தனை ரூபாய் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எவ்வளவு தள்ளுபடி என்று பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்பது எப்போதும் நிஜமில்லை, சில சோப்புத் தூளிலும் டீத்தூளிலும் சின்ன பாக்கெட்தான் கிராம் கணக்கில் மலிவாக வரும். எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் இருக்கும். ஆனால் அதே உயரம், அதே அகலத்தில் 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், பத்து ரூபாய் குறைவு என்று அதை எடுத்தால் நஷ்டம்தான்.

அரிசியில் 26 கிலோ மூட்டை பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், அந்த வரியிலிருந்து தப்பத்தான் மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள். கிலோ கணக்கில் அது நல்லதுதான், ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பெரியவர், ஒரு சின்னப் பெண், அந்த மூட்டை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடும், அதற்குள் வண்டு வைத்துவிடும். கீழ் வீட்டாரோடு பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள். பருப்பும் அப்படித்தான். ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடைகளில் துவரை, உளுந்து, மிளகாய், மல்லி வாங்கினால் சூப்பர் மார்க்கெட் விலைக்கும் அதற்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும், பஸ் காசு போகவும் மிச்சம் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று வீடு சேர்ந்தால்தான் போன அலைச்சலுக்குப் பலன். மல்லியையும் மிளகாயையும் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள், பாக்கெட் மசாலா ஐந்தாறு வாங்குவதைவிட ஒரே சாம்பார்பொடி போதும். சாம்பாருக்கு முழுத் துவரை வேண்டியதில்லை, பாதி பாசிப்பருப்பு கலக்கலாம், சீக்கிரம் வெந்து கேஸும் மிச்சம். இட்லிக்கு உடைத்த உளுந்து போதும், முழு உளுந்துக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்.

இரண்டு பிள்ளை அப்பா:

ரேஷன் அட்டையை ஏன் தள்ளிப் போடுகிறீர்கள், இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். இரண்டு ஊர் அட்டையிலும் பெயர் நீக்கம் செய்துவிட்டு, உங்கள் வாடகை வீட்டு முகவரியில் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் போடலாம், பொது விநியோகத் துறையின் இணையதளத்தில் நாமே போடலாம். எல்லோருடைய ஆதார், முகவரிக்கு ஆதாரம், கேஸ் இணைப்பு விவரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னவன் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள், அரிசி எவ்வளவு என்பது ஆள் கணக்கில்தான் வரும். அரிசி அட்டை என்றால் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. வெளியே இதே பருப்பும் எண்ணெயும் வாங்குகிற விலையோடு ஒப்பிட்டால் அந்த இரண்டில் மட்டும் மாதம் கிட்டத்தட்ட 200 ரூபாய் மிச்சம். புழுங்கல் அரிசியை சாப்பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி மாவுக்குப் போடுங்கள், எங்கள் வீட்டில் இட்லி அரிசி என்று தனியாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. பச்சரிசி புட்டுக்கும் பொங்கலுக்கும் சரியாக இருக்கும்.

பாலைப் பற்றி ஒன்று. கொழுப்பு கூடின ஆரஞ்சு பாக்கெட்டே வேண்டுமா? ஆவினில் நீல பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய், தினம் ஒரு லிட்டர் என்றால் 1,200தான். 600 ரூபாய் மிச்சமாகும், அந்தக் காசில் பிள்ளைகளுக்கு முட்டையே வாங்கலாம். தயிரை வீட்டிலேயே உறையூற்றுங்கள்.

வடவள்ளி அக்கா:

பெரியவர்களுக்குச் சரி, ஆனால் நாலு வயதுப் பெண் சாப்பாட்டில் சுணங்கினால் அவளுக்கு மட்டும் கொழுப்புள்ள பாலே இருக்கட்டும். எடை ஏறுகிறதா என்று பார்த்து முடிவு செய்.

அங்கன்வாடி பக்கத்து வீடு:

சின்னவனின் டப்பாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆறு மாதம் முதல் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு பாக்கெட் இலவசமாகத் தருகிறார்கள். உங்கள் தெரு எந்த மையத்தில் வருகிறது என்று கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள், எடையும் உயரமும் பார்த்து எழுதுவார்கள். பெரியவளையும் அங்கே விடலாம், மதியச் சாப்பாடும் முட்டையும் கிடைக்கும். இலவசம் என்று கூச்சப்படாதீர்கள், அது பிள்ளைகளுக்கு உரியது.

வீட்டில் செய்வதென்றால் ராகியை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்துச் சலியுங்கள். முளை அரிசி அளவுக்கு வெள்ளையாக எட்டிப் பார்த்தால் போதும், நீள விட்டால் மாவு கசக்கும். கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சி, இறக்கியபின் அரை ஸ்பூன் நெய். ஒரு வயது முடியும்வரை உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் வேண்டாம். மற்றபடி நீங்கள் சாப்பிடும் பருப்பு சாதத்தையே உப்பும் காரமும் போடும் முன் எடுத்துக் குழைத்துக் கொடுக்கலாம், வாழைப்பழம், வேகவைத்த பூசணி, முட்டை மஞ்சள் கரு எல்லாம் கொடுக்கலாம், தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

ஒண்டிப்புதூர் பொண்ணு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், மாமனார் அட்டையில் வாங்கும் ரேஷன் அரிசியை ஊறவைத்தால் சில அரிசி மேலே மிதக்கிறது, அது பிளாஸ்டிக் என்று என் மாமியார் பொறுக்கி எடுத்துப் போட்டுவிடுகிறார். நிஜமா?

இரண்டு பிள்ளை அப்பா:

பிளாஸ்டிக் இல்லைங்க, அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருப்பார்கள். லேசாக இருப்பதால் மிதக்கும். பொறுக்கிப் போட்டால் சத்தையே எடுத்துப் போட்ட மாதிரி, மாமியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒண்டிப்புதூர் பொண்ணு (ஒரு மாதம் கழித்து):

இந்த மாதக் கணக்கு சொல்ல வந்தேன். சாமான் 3,600, காய் பழம் 1,700, பால் 1,200, முட்டையும் கோழியும் 1,000, சின்னவனுக்கு 400, இடையில் வாங்கியது 1,400. மொத்தம் 9,300. இடையில் வாங்கியதில் பாதி அவர் வேலை விட்டு வரும்போது வாங்கி வந்த பன், பிஸ்கட், அதை நான் ஒன்றும் சொல்லவில்லை, பெரியவள் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவாள். பெயர் நீக்கம் இரண்டு ஊரிலும் முடிந்தது, புது அட்டைக்குப் போட்டிருக்கிறோம். சிங்காநல்லூர் சந்தையில் கீரை விற்கும் பாட்டி சின்னவனைப் பார்த்ததும் ஒரு கட்டு கூடவே வைக்கிறார்.

ரங்கே கவுடர் வீதிக்குக் கீழ் வீட்டு அக்காவும் நானும் ஞாயிற்றுக்கிழமை போகலாமா? அன்றைக்கு என் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்.

மளிகைக் கடையில் பதினோரு வருடம்:

ஞாயிறு வேண்டாம்ங்க, பாதிக் கடை அடைத்திருக்கும். வார நாளில் காலை பதினோரு மணிக்குள் வந்துவிடுங்கள், மத்தியானம் ஆனால் லாரி ஏற்றி இறக்குகிற கூட்டத்தில் நடக்க முடியாது. நல்ல கெட்டியான துணிப்பை நாலு கொண்டு வாருங்கள். துவரம்பருப்பைக் கையில் அள்ளி மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், மக்கின வாடை அடித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.