பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் பேட் தேடின அனுபவம், சொல்லுங்க

ஸ்பிட்ஃபயர் 1500, நாட்டிங்ஹாம்

ஆறு மாசம் ஆச்சு, அந்த ஆடு இன்னும் கண்ணை விட்டுப் போகல. அதான் எழுதறேன்.

என் வண்டி 1978 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தர்ற சர்வோ கிடையாது. பழைய உதிரி பாகச் சந்தையில ஒருத்தர் பெட்டி இல்லாம ஒரு செட் பேட் வெச்சிருந்தார், எட்டு பவுண்டு. வடிவம் அச்சு அசல், பின் சொருகுற ஓட்டை எல்லாம் சரியா உட்கார்ந்துச்சு. தெருவுல ரெண்டு தடவை மிதிச்சுப் பார்த்தேன், நின்னுது.

ஞாயித்துக்கிழமை காலை, நல்ல குளிர், வின்னாட்ஸ் பாஸ்ங்கிற மலை ரோட்டு இறக்கம். ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, நடுவுல ஒடுங்கின ரோடு, அஞ்சடிக்கு ஓரடி சரிவு. வளைவு தாண்டினா தாய் ஆடும் குட்டியும் நடு ரோட்டுல. மிதிக்கிறேன், பெடல் கல்லு மாதிரி நிக்குது, வண்டி வேகம் குறையல. முதுகை சீட்டுல முட்டுக்கொடுத்து ரெண்டு காலாலயும் மிதிச்சு, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தேன். நின்னப்போ பம்பருக்கும் ஆட்டுக்கும் நடுவுல ஒரு முழம். அது நகரவே இல்ல. என்னையே பார்த்துக்கிட்டு நின்னுது.

வீட்டுக்கு வந்து கழட்டினேன். பேட் ஓரத்துல குறியீட்டோட கடைசி ரெண்டு எழுத்து ‘டிஇ’. முதல் எழுத்து சூடேறாதப்போ இருக்கிற பிடிப்பு, ரெண்டாவது சூடேறினப்புறம். ‘டி’ன்னா உராய்வுக் குணகம் 0.15-லிருந்து 0.25. நல்ல பேடுல வர்ற ‘எஃப்’னா 0.35-லிருந்து 0.45. குளிர்ல கிட்டத்தட்ட பாதிப் பிடிப்புதான் இருந்திருக்கு, காலுக்கு உதவ சர்வோவும் இல்ல.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னை

ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் காரான்னு கேட்காதீங்க. அதோட சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரே செஞ்சாங்க, ரெண்டுக்கும் உடம்பை வரைஞ்சவரும் ஒரே ஆள்தான், இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி. நம்ம ஊர் ஹெரால்டுல நாலு சக்கரத்துக்கும் டிரம். மச்சான் இங்கிலாந்துலேர்ந்து ஸ்பிட்ஃபயர் டிஸ்க், பேடை அது மேல அமுக்குற கேலிப்பர் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார், முன்னாடி மாட்டிட்டேன். பேட் தேய்ஞ்சப்போதான் சங்கடம். ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை ரெண்டும் சல்லடை போட்டுட்டேன், ஒண்ணும் பொருந்தல. கடைசியில லைனிங், அதாவது பேடோட உரசுற பகுதி, ஒட்டுற ஒரு கடையில பழைய தகட்டையே கொடுத்து புது லைனிங் ஒட்டி வாங்கினேன், 600 ரூபாய்.

மூணாவது வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில, கோவளம் சிக்னல்ல மிதிச்சதும் ‘கர்ர்ர்’னு ஒரு சத்தம், பல்லு கூசிப்போச்சு. இறங்கிப் பார்த்தா பின்னால ரோட்டுல லைனிங் முழுசா கிடக்குது, கடலைமிட்டாய் வில்லை மாதிரி. எடுத்துத் திருப்பினேன். ஒட்டின பக்கம் பூரா துரு. தகட்டைத் தேய்ச்சு சுத்தம் பண்ணாம துரு மேலயே பசையைப் பூசியிருக்காங்க. டிஸ்க் வேற கீறிப்போச்சு.

240இஸட், சான் ஹோசே

சென்னை நண்பரே, தப்பா நினைக்காதீங்க, டிஸ்க் பேடுக்கு லைனிங் ஒட்டுறதே எனக்கு ஒப்பல. டிரம் ஷூவுக்கு ரிவெட் அடிக்கிறது வேற, இது வேற.

என் கதை சின்னது. கடை கம்ப்யூட்டர்ல ‘1972 டாட்ஸன் 240இஸட்’னு போட்டு எடுத்த பெட்டி. வெளியில நம்பர் சரி. கவுண்ட்டர்லயே பழைய பேடை அது மேல வெச்சேன், புதுசு மூணு மில்லிமீட்டர் அகலம். நாலு கடையிலயும் அதே கதை.

அதனால பேடைத் தேடுறதை விட்டுட்டு கேலிப்பரையே மாத்தினேன். 1979-லிருந்து 85 வரைக்கும் வந்த டொயோட்டா 4x4 பிக்கப்போட நாலு பிஸ்டன் கேலிப்பர் அதே ரெண்டு போல்ட் ஓட்டையில உட்காரும். பழைய டிஸ்க்கே போதும், டிஸ்க்குக்குப் பின்னால இருக்கிற தூசித் தகட்டை மட்டும் வெட்டணும். அந்த பேட் எந்தக் கடையிலயும் மலிவா கிடைக்கும். ஆனா பிஸ்டன் பெருசு, பிரேக் எண்ணெய் அதிகம் குடிக்கும், பெடல் ரொம்ப கீழ போகும். அப்போ 280இஸட்எக்ஸ்-ல வர்ற 15/16 அங்குல மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடல் மிதிச்சா எண்ணெயைத் தள்ளுற சிலிண்டரை, போடுங்க. முன்னாடி பிடிப்பு கூடினா பின் டிரம்மையும் செட் பண்ணுங்க. புது பேடைப் போட்டதும் 50 கிலோமீட்டர் வேகத்துலேர்ந்து பத்துக்கு இறக்கி, ஆறவிட்டு, பத்துப் பதினஞ்சு தடவை பழக்குங்க. சூடா இருக்கும்போது காலை வெச்சு அமுக்கிட்டே நிக்காதீங்க. பிரேக் எண்ணெய்ல டாட் 4 ரகம் போதும், டாட் 5 ரகம் சிலிக்கான், ரெண்டையும் கலக்கவே கூடாது.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னை

சார், டொயோட்டா பிக்கப் கேலிப்பருக்கு சென்னையில நான் எங்க போறது? ஒட்டுறது தப்பில்ல. மணல் அடிச்சு, பசை தடவி, அழுத்திப் பிடிச்சு அடுப்புல வேகவெச்சா நிக்கும். ரெண்டாவது தடவை வேற கடையில கூடவே நின்னு செய்ய வெச்சேன், ஒண்ணரை வருஷமா ஓடுது.

எம்ஜிபி, லெஸ்டர்

நீங்க ரெண்டு பேரும் பேடைப் பத்தியே பேசறீங்க. என் 1967 வண்டி பிரேக் பிடிச்சா இடது பக்கம் இழுத்துச்சு. பேட்தான்னு முடிவு பண்ணி மூணு கம்பெனி செட் வாங்கினேன், மொத்தம் 110 பவுண்டு. மூணுக்கும் அதே இழுப்பு.

ஒருநாள் மழையில வந்து வாசல்ல நிறுத்தினேன். இடது முன் சக்கரத்துல மட்டும் துளி விழ விழ ‘சுர்’ருனு ஆவி. வலது சக்கரம் சும்மா நனைஞ்சுட்டு நின்னுது.

ஜாக்கி போட்டுச் சுத்திப் பார்த்தா சுத்தல. எண்ணெயையும் காத்தையும் வெளியேத்துற பிளீட் நிப்பிளை லேசாத் திறந்தேன், எண்ணெய் பீச்சி அடிச்சுது, உடனே சக்கரம் சுத்த ஆரம்பிச்சுது. பழைய ரப்பர் ஹோஸ் உள்பக்கம் வீங்கி அடைச்சிருக்கு. மிதிக்கிற வேகத்துல எண்ணெய் உள்ள போகும், திரும்பி வராது, பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும். வெளியில பார்த்தா ஹோஸ் புதுசு மாதிரி இருந்துச்சு.

ஹோஸ் ஜோடி 20 பவுண்டுதான். முதல்ல வாங்கின பேடையே திரும்ப மாட்டியிருக்கேன், நேரா நிக்குது. மீதி ரெண்டு செட் தேய்ஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரல.