மூணு ஊரு, 6 ஃபைல்: ஒரே கிக்ஸ்டார்ட் ஃபைல் போதுமா?

ஐந்துரோடு_அட்மின்:
வணக்கம்ங்க. சேலத்துல ஜவ்வரிசி, காபின்னு ரெண்டு வியாபாரமும் பண்ற ஒரு கம்பெனிக்கு நான் ஒருத்தன்தான் சிஸ்டம் அட்மின். அம்மாபேட்டையில ஆபீஸ், ஆத்தூர்ல ஆலை, ஏற்காட்டுல எஸ்டேட். எல்லா மெஷின்லயும் ராக்கி லினக்ஸ். சிலது வெர்ஷன் 8, சிலது 9. நெட்வொர்க் வழியா பிஎக்ஸ்இ பூட், அப்புறம் இன்ஸ்டாலுக்கான பதிலை எல்லாம் முன்னாடியே எழுதி வச்ச கிக்ஸ்டார்ட் ஃபைல்.

ஆபீஸ்ல ரெப்போசிங்க் ஓட்டி, ராக்கியோட ரெப்போக்களுக்கு (பேக்கேஜ் கிடங்குகள்) ஒரு மிரர், அதாவது உள்ளூர் நகல், வச்சிருக்கேன். ஆத்தூர் விபிஎன் வழியா அதையே எடுத்துக்கும். ஏற்காட்டுக்கு லைன் ரொம்ப மந்தம். அங்க ஒரு பழைய டெஸ்க்டாப்ல தனி காப்பி. ஆக இடத்துக்கு ஒண்ணு, வெர்ஷனுக்கு ஒண்ணுன்னு 6 கிக்ஸ்டார்ட் ஃபைல். போன வாரம் மிரர் அட்ரஸை எல்லாம் மாத்தினேன். அஞ்சு ஃபைலைத் திருத்திட்டு ஆறாவதை விட்டுட்டேன். அது ஏற்காட்டோடதுன்னு சொல்லவே வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவையும் பஸ்ல ஏறிப் போய் ஒரே ஒரு வரியைத் திருத்தி வந்தேன்.

ரெப்போ எங்க இருக்குன்னு சொல்ற வரியை இன்ஸ்டால் நேரத்துலயே உருவாக்க வழி இருக்கா?

கொண்டலாம்பட்டி_ரூட்:
இருக்கு தம்பி. கிக்ஸ்டார்ட்ல இன்ஸ்டாலுக்கு முன்னாடி ஓடற %ப்ரீ பகுதியில ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, /டிஎம்பி-க்குள்ள ஒரு சின்ன ஃபைலை உண்டாக்கு. மெயின் ஃபைல்ல அதை %இன்க்ளூட் பண்ணிச் சேர்த்துக்கோ. இன்ஸ்டாலரான அனகோண்டா முதல்ல %ப்ரீயை ஓட்டிட்டு, அப்புறம்தான் மொத்தத்தையும் படிக்கும். அந்தச் சின்ன ஃபைல்ல ராக்கியோட ரெண்டு முக்கிய ரெப்போவுல பேஸ்ஓஎஸ்-க்கு யூஆர்எல் வரி, ஆப்ஸ்ட்ரீமுக்கு ரெப்போ வரி, அவ்வளவுதான்.

எந்த இடம், எந்த வெர்ஷன்னு பிஎக்ஸ்இ மெனுவுல கெர்னல் வரியிலயே நீயே ஒரு சொல்லைச் சேர்த்துடு. இன்ஸ்டால் நேரத்துல /ப்ராக்/சிஎம்டிலைன் ஃபைல்ல அது அப்படியே கிடைக்கும். ஐபியைப் பார்த்து ஊகிக்கிற வேலை வேண்டாம். கிக்ஸ்டார்ட் ஃபைல் எங்கன்னு சொல்ற கேஎஸ் ஆப்ஷனை 9-ல 'இன்ஸ்ட்' முன்னொட்டு இல்லாம வெறுமனே போட்டா எடுக்காது, அதையும் பார்த்துக்கோ.

தறிச்சத்தம்:
நான் சர்வர் பக்கமே செஞ்சுடுவேன். பூட் வரியில இன்ஸ்ட்.கேஎஸ்.செண்ட்மேக் போட்டா, கிக்ஸ்டார்ட் கேட்டு வர்ற ஹெச்டிடிபி ஹெடர்லயே அந்த மெஷினோட நெட்வொர்க் கார்டு அடையாளமான மேக் அட்ரஸ் வந்துடும். ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து டெம்ப்ளேட்டை நிரப்பி அனுப்பும். 200 மெஷின் இருந்தா இதுதான் சுகம். 

ஐந்துரோடு_அட்மின்:
அண்ணா, எங்கிட்ட இருக்கறதே 14 மெஷின். அந்த ஸ்கிரிப்ட் சர்வர் படுத்தா அதையும் நான்தான் எழுப்பணும். %ப்ரீ வழியிலயே போயிட்டேன்.

ஆனா ஒரு நாள் முழுக்க மண்டை காய்ஞ்சுது. மிரர் உயிரோட இருக்கான்னு பார்க்க %ப்ரீயில கர்ல் (யூஆர்எல்லை இறக்கற கமாண்ட்) வச்சு, ரெப்போவோட அட்டவணை ஃபைலான ரெப்போஎம்டி.எக்ஸ்எம்எல்-ஐக் கேட்டேன். ஏற்காட்டுல கர்ல் "சரி"ன்னுச்சு, அனகோண்டா "ரெப்போ சரியில்லை"ன்னுச்சு. ரெண்டாவது கன்சோல்ல போய், கர்ல் எடுத்து வச்சதைத் திறந்து பார்த்தா, எஸ்டேட் ரவுட்டரோட லாகின் பக்கம்! டெஸ்க்டாப் அணைஞ்சு கிடந்திருக்கு; அதோட பேரைக் கேட்டா ரவுட்டர் தன்னோட ஐபியைக் கொடுக்குது, எந்தப் பாதையைக் கேட்டாலும் 200 ('சரி'ங்கற ஹெச்டிடிபி பதில்) போட்டு அதே பக்கத்தை நீட்டுது. கர்லைக் குத்தம் சொல்ல முடியாது. இப்போ வந்த ஃபைலுக்குள்ள 'ரெப்போஎம்டி'ங்கற டேக் இருக்கான்னு க்ரெப் பண்ணித் தேடிட்டுத்தான் யூஆர்எல் வரியை எழுதறேன்.

எந்த மிரரும் சிக்கலைன்னா இணையத்துக்குத் தாவாம, %ப்ரீயில எரர்ஆன்ஃபெயில் போட்டு அங்கேயே நிறுத்தறேன். மலை லைன்ல ராத்திரி பூரா இழுத்துக்கிட்டு இருக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை.

கொண்டலாம்பட்டி_ரூட்:
இன்னொண்ணு. ரெப்போ வரியில இன்ஸ்டால் ஆப்ஷன் சேர்க்கலைன்னா அது இன்ஸ்டால் நேரத்துக்கு மட்டும்தான். முடிஞ்சதும் பேக்கேஜ் மேனேஜர் டிஎன்எஃப் வெளி மிரருக்கு ஓடிடும். அதைச் சேர்த்துட்டு, ராக்கியோட சொந்த ரெப்போ ஃபைல்களை, கடைசியில ஓடற %போஸ்ட் பகுதியில முடக்கிடு.

ஐந்துரோடு_அட்மின்:
அதைச் செய்யப் போய்த்தான் இன்னொரு தடவை முட்டிக்கிட்டேன். %ப்ரீ எழுதின ஃபைலை %போஸ்ட்ல தேடினா காணோம். %போஸ்ட் புது சிஸ்டத்துக்குள்ள க்ரூட் ஆகி, அதாவது அதையே ரூட்டா வச்சு, ஓடுது, அந்த /டிஎம்பி வேற. க்ரூட் ஆகாம ஓட நோக்ரூட் போட்ட தனி %போஸ்ட்ல, புது சிஸ்டம் இருக்கற /எம்என்டி/சிஸ்ரூட்டுக்குக் காப்பி பண்ணினதும் சரியாச்சு.

6 ஃபைல் இப்போ 1. அடுத்த தடவை ஏற்காடு போனா தட்டுவடை செட்டைக் கட்டிக்கிட்டு ஏரிக்கரையில உட்காரத்தான் போவேன்.