4294967297 பகா எண்ணா? கையால் கண்டறிய வழி உண்டா?

தேவகோட்டைக்காரன்:
பூர்வீக வீட்டைச் சுத்தம் செய்தபோது, பெட்டியடி மேசைக்குள் எங்கள் ஐயா (அப்பச்சியின் தகப்பனார்) கைப்பட எழுதிய தாள் ஒன்று கிடைத்தது. ஒரு நெல் என்று தொடங்கி, 2, 4, 8 என்று 32 முறை இரட்டித்து, 4294967296 என்ற எண்ணில் நிறுத்தியிருக்கிறார். அதோடு ஒன்றைக் கூட்டினால் பகா எண் வருமா என்று என் மகள் கேட்கிறாள். 100 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தேன்; ஒன்றாலும் மீதியின்றி வகுபடவில்லை. வர்க்கமூலம் 65536ஐ ஒட்டி வருவதால், அதற்குட்பட்ட 6542 பகா எண்களையும் பார்த்தாக வேண்டுமா?

காரைக்குடி கணக்கு வாத்தியார்:
வேண்டியதில்லை. 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என ஐந்தும் பகா எண்களாக அமைவதைக் கண்ட பெர்மா, அடுத்து வரும் இந்த எண்ணும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினார். 1732இல் ஆய்லர் இது 641ஆல் வகுபடும் என்று காட்டினார். அவர் எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்கவில்லை. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 2இன் அடுக்குகளை அதனால் வகுக்கும்போது மீதி 1 முதன்முதலாக 64ஆம் அடுக்கில்தான் வரும். ஆகவே அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்தால் 64இன் மடங்கு கிடைத்தாக வேண்டும். 193, 257, 449, 577, 641 என்று பார்த்தால் ஐந்தாவதிலேயே முடிந்துவிடுகிறது. 1878இல் லூக்கா அந்த 64ஐ 128 ஆக்கினார். அதன்படி 257, 641 இரண்டே மிஞ்சும். மேற்சொன்ன வரிசையில் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக்காரணி கிடையாதாகையால் 257உம் கழிந்துவிடும்.

வளவு:
வகுக்காமலேயே காட்டலாம். 641 என்பது 5×128 + 1. அதுவே 625 + 16 என்றும் ஆகும். முதலாவதன்படி, 5×128ஐ 641ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது, மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625 × (2இன் 28ஆம் அடுக்கு) என்பதன் மீதி 1. இரண்டாவதன்படி 625க்குப் பதில் −16 என்று வைக்கலாம். 16ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கினால் 32ஆம் அடுக்கு. அதன் மீதி −1 என்றாகிறது, ஒன்று கூட்டினால் சுழி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

முகப்புத் திண்ணை:
தங்கள் ஐயாவின் தாளில் கடைசி வரியை விட்டுவிட்டு மற்ற 32 வரிகளையும் கூட்டிப் பாருங்கள். 4294967295 வரும், அது 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது வாத்தியார் ஐயா சொன்ன ஐந்தின் பெருக்கல். கவராயத்தையும் குறியிடாத நேர்விளிம்பையும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படைப் பக்கங்கள் உடையவற்றுள் இதுவரை அறியப்பட்ட மிகப்பெரியதற்கு இத்தனை பக்கங்கள்.

தேவகோட்டைக்காரன்:
அனைவருக்கும் நன்றி. 641ஆல் வகுத்தேன், ஈவு 6700417. அதுவும் பகா எண்ணா என்று மகள் விடவில்லை. அதன் வர்க்கமூலம் 2588க்குச் சற்றே மேல். 128இன் மடங்கோடு ஒன்று என்ற விதிப்படி, 257ஐக் கழித்துவிட்டால், 641, 769, 1153, 1409 என்ற நான்கை மட்டும் பார்த்தால் போதுமாயிருந்தது. மீதிகள் முறையே 44, 120, 334, 622. கடைசியில் முதலில் எனக்கு 612 வந்தது. கடன் வாங்கிக் கழித்ததில் பிழை என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.