ஜாஸ் காலத்தைப் பற்றிப் பேச யாரைத் தேர்ந்தெடுப்பது?

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை கூடித் தமிழில் பேசும் குழு ஒன்று இருக்கிறது. ஆளுக்குப் பத்தாண்டு என்று பிரித்துக்கொண்டதில் எனக்கு 1920கள் வந்திருக்கின்றன, அமெரிக்காவில் ஜாஸ் கொடிகட்டிப் பறந்த காலம். இருபது நிமிடம்தான். பிறந்த தேதி, இறந்த தேதி என்று சொல்லிக்கொண்டே போனால் யாரும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். இப்போதைக்கு லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், சாப்ளின், எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரையும் குறித்து வைத்திருக்கிறேன். வருபவர்களில் பலர் கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்கள், ஜாஸ் என்றாலே ஹோட்டல் லாபியில் ஓடும் இசை என்று நினைப்பவர்கள். இந்த மூவர் சரிதானா? ஆம்ஸ்ட்ராங் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டால் என்ன சொல்வது? எல்லாரும் மேதை என்கிறார்கள், ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

மிருதங்கப்பிரியன்:
நல்ல கேள்வி. அவருக்கு முந்தைய நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜாஸ் பாணியில் கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறு ஊதுகருவி), கிளாரினெட், டிராம்போன் என்ற ஊதுகருவிகள் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சேர்ந்தே வாசிக்கும், ஒருவர் முன்னே வந்து நீண்ட நேரம் தனியாக வாசிப்பது அரிது. ஆம்ஸ்ட்ராங் 1922ல் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் அழைத்து சிகாகோ போனார், 1924ல் நியூயார்க்கில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் சேர்ந்தார், அப்புறம் சிகாகோ திரும்பி 1925லிருந்து 1928 வரை ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்ற பெயர்களில் வெளியிட்ட இசைத்தட்டுகள்தான் எல்லாவற்றையும் மாற்றின. தனி ஆளின் கற்பனைதான் இந்த இசையின் உயிர் என்று ஆக்கிக் காட்டியவர் அவர்.

வாயால் விளக்க வேண்டாம், 1928 ஜூன் 28 அன்று பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தட்டைப் போடுங்கள். முதல் சில நொடிகள் பக்கவாத்தியமே கிடையாது, டிரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறி இறங்கி வரும். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு அது என்னவென்று உடனே பிடிபடும். 1926ல் சொல்லே இல்லாமல் வெறும் ஓசைகளால் பாடிய ஒரு தட்டும் இருக்கிறது, அதன்பிறகு அப்படிப் பாடுவது ஒரு பாணியாகவே பரவிவிட்டது.

ஃபிட்ஸ்ஜெரால்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'ஜாஸ் காலம்' என்ற பெயரை 1922லேயே தன் சிறுகதைத் தொகுப்பின் தலைப்பில் வைத்துப் பரப்பியவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது பெரும்பாலும் விருந்துக்குப் போனவர்களைப் பற்றி, அங்கே வாசித்தவர்களைப் பற்றி அல்ல.

தேக்கா_வாசகி:
மூவருமே ஆண்கள்! ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் சோகம் கலந்த பாட்டு வகை) பாடகி பெஸ்ஸி ஸ்மித் இல்லாமல் 1920களா? 1920ல் மேமி ஸ்மித் பாடிய ஒரு ப்ளூஸ் தட்டு அள்ளிக்கொண்டு விற்ற பிறகுதான், கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதே கம்பெனிகளுக்கு உறைத்தது. அந்த வழியில் வந்து 1923ல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடத் தொடங்கியவர் பெஸ்ஸி. 1925 ஜனவரியில் அவர் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' தட்டில் கார்னெட் வாசிப்பது ஆம்ஸ்ட்ராங், கூட இருப்பது ஆர்மோனியம் மட்டும்தான். ஆமாம், ஆர்மோனியமேதான்! பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்தும்போது கார்னெட் பதில் சொல்லும், நம் சபைக்கு இதைவிட நல்ல அறிமுகம் கிடைக்காது.

அடுத்து நடனக் கலைஞரும் பாடகியுமான ஜோசபின் பேக்கர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1906ல் ஏழ்மையில் பிறந்தவர், 1925ல் பாரிஸ் போய் ஒரே பருவத்தில் அந்த ஊரையே தன் பக்கம் திருப்பினார். பலரும் அவர் மேடையில் கட்டி ஆடிய வாழைப்பழப் பாவாடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவு சொன்னவர், 1963ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணி மேடையில் பேசியவர், 2021ல் பிரான்ஸ் அவரை அந்நாட்டுப் பெரியோரின் நினைவிடமான பாந்தியோனில் சேர்த்து மரியாதை செய்தது. பிறந்த நாட்டில் கிடைக்காத இடம் இது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த நாட்டு நிலைக்கு ஒரு உதாரணம்: நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதியின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் 1927 டிசம்பர் முதல் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு வாசித்தது, ஆடியவர்கள் பாடியவர்கள் எல்லாம் கறுப்பினத்தவர், வாடிக்கையாளர்களாக வெள்ளையர்களுக்குத்தான் அனுமதி. உள்ளே விடப்படாதவர்கள் அதே இசையை வானொலியில் கேட்டார்கள்.

பழைய_ஜாலான்புசார்:
சாப்ளினை மட்டும் எடுத்துவிடாதீர்கள் தம்பி, நம் ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் அவர் ஒரு பாலம். ஜாஸ் கலைஞர் இல்லைதான், ஆனால் மௌனப்படத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, அதனால்தான் சிங்கப்பூரில் எந்த மொழிக்காரரும் அவரை நம்மாள் என்று எடுத்துக்கொள்ள முடிந்தது. 1932ல் அவர் இங்கே வந்தபோது நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் சீன நாடகம் பார்த்தார். இளவரசன் வேடத்தில் நடித்தது ஒரு சிறுமி. அதைப் பற்றித் தன் வாழ்க்கை வரலாற்றில் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

நியூ வோர்ல்ட் 1923ல் ஜாலான் புசாரில் தொடங்கியது. இப்போது சிட்டி ஸ்கொயர் மால் இருக்கிறதே, அந்த இடம்தான், முஸ்தபா கடைக்குப் போகிறவர்களுக்கு நடக்கிற தூரம். அங்கே காபரே என்ற நடனக் கூடத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆடுவார்கள், மேடையில் பெரும்பாலும் பிலிப்பினோ இசைக்குழுக்கள். ஆம்ஸ்ட்ராங் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர்கள் வழியாகத்தான் அந்தத் தாளத்துக்கு ஆடினார்கள். தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்க் காப்பகத்தில் அந்தக் காலத்து விளம்பரங்கள் இருக்கின்றன, இரண்டு மூன்று எடுத்துத் திரையில் காட்டுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஒரு வரி போதும், அந்த இடத்தில் பெஸ்ஸி. பேக்கரையும் சேர்த்தால் நேரம் போதாது என்று நினைக்கிறேன்.

தேக்கா_வாசகி:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேண்டுமானால் சாப்ளினைச் சுருக்குங்கள், அவரைத்தான் எல்லாருக்கும் தெரியுமே.

மிருதங்கப்பிரியன்:
தட்டுகளைப் போடும் வரிசையைக் கவனியுங்கள். பெஸ்ஸியின் 1925 பதிவு மைக் இல்லாமல் கூம்புக்குள் பாடி எடுத்தது, மன்றத்து ஸ்பீக்கரில் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கும். 1928 தட்டு மைக் வந்த பிறகு பதிவானது. தெளிவானதை முதலில் போட்டுக் காதைப் பழக்கிவிட்டு, மைக் இல்லாமலே ஒரு குரல் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சொல்லி பெஸ்ஸியைப் போடுங்கள். பேக்கருக்கு ஐந்து நிமிடம் தாராளமாகக் கிடைக்கும்.