முன்பு ஸ்டீராய்டு ஊசி போட்டதை டாக்டரிடம் சொல்லிவிட்டு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை கேட்கலாமா?

கொலுசுப்பட்டறை:

வணக்கம். எனக்கு 31 வயது, சேலம் சிவதாபுரம் பக்கம், சொந்தமாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். ஆணழகன் போட்டிக்கு ஆசைப்பட்டு, ஜிம்மில் கூடப் பயிற்சி செய்தவர் பேச்சைக் கேட்டு 26 வயதில் ஊசி ஆரம்பித்தேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட், அப்புறம் அதோடு டெக்கா (நாண்ட்ரோலோன்) என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஊசி. மூன்று மாதம் போடுவது, கொஞ்சம் விடுவது, மறுபடி போடுவது என்று ஆறு சைக்கிள் ஓடிவிட்டது. கல்யாணம் நிச்சயமானதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். நிறுத்தி இப்போது 14 மாதம்.

மதியத்துக்கு மேல் பட்டறையில் உட்கார முடியவில்லை, கண் சொருகுகிறது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். மனைவியிடம் நெருங்கும் ஆசையே வருவதில்லை, காலையில் தானாக வரும் எழுச்சியும் நின்று மாதக்கணக்காகிறது. விரைகள் முன்பைவிடச் சிறுத்துவிட்டன. அவளுக்கு ஊசி விஷயம் தெரியாது. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று ஒருநாள் கேட்டுவிட்டு அழுதாள், அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

முதலில் பார்த்த டாக்டரிடம் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். அடுத்து ஆண்களுக்கான கிளினிக் என்று விளம்பரம் பார்த்துப் போனேன். சாயங்காலம் நான்கு மணிக்கு ரத்தம் எடுத்து, டெஸ்டோஸ்டிரோன் 240 இருக்கிறது, இன்றே ஊசி போட்டுக்கொள்ளலாம், மாதாமாதம் வந்தால் போதும் என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். குழந்தை வேண்டுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், நீயே தேடிக்கொண்டது என்று திட்டி அனுப்பிவிடுவார்களா? யாரைப் பார்ப்பது? எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

---

மூன்றாம்ஷிப்ட்:

தம்பி, அந்த ஊசியைப் போடாமல் எழுந்து வந்தது நல்ல காரியம். முழுவதையும் சொல்லிவிடுங்கள். நான் மறைத்ததால் என்ன ஆனது என்று கேளுங்கள்.

எனக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைவு, விரைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் எல்ஹெச் ஹார்மோனும் குறைவு என்று வந்தது. நான் ஊசி போட்டது தெரியாததால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி ஏதாவது இருக்குமோ என்று டாக்டர் எம்ஆர்ஐ எழுதினார். அவர் மேல் தப்பு இல்லை, அந்த எண்களைப் பார்த்தால் அப்படித்தான் யோசிக்க வேண்டும். தலையில் கட்டி என்று வீட்டில் பேச்சாகி அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. என்ன மருந்து, எத்தனை மாதம், கடைசி ஊசி எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

உடம்பில் நடப்பது இதுதான். மூளையிலிருந்து உத்தரவு வந்தால்தான் பிட்யூட்டரி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் இரண்டையும் அனுப்பும். அவை வந்தால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் உண்டாக்கும். வெளியிலிருந்து ஊசியாக நிறைய வரும்போது, போதும் என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. வேலை இல்லாத விரைகள் சுருங்குகின்றன. ஊசியை விட்டதும் அந்த உத்தரவு உடனே திரும்புவதில்லை, சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேல். டெக்கா உடம்பில் நெடுநாள் தங்குகிற சரக்கு, அதனால் தாமதம் இன்னும் கூடும். எனக்கு ஊசி எதுவும் இல்லாமலே 19 மாதத்தில் எண்கள் ஒழுங்காயின. உங்களுக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் 14 மாதத்தில் கதை முடிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இப்போது ஊசியை ஆரம்பித்தால், திரும்பி வந்துகொண்டிருப்பதையும் அது மறுபடி அமுக்கிவிடும்.

பார்க்க வேண்டியது எண்டோகிரைனாலஜிஸ்ட், ஹார்மோன் டாக்டர் என்று கேட்டால் சொல்வார்கள். சேலத்திலேயே இருக்கிறார்கள். வேலூர் சிஎம்சியில் இதற்குத் தனித் துறை இருக்கிறது, ஆனால் முதல் முறைக்கே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் மருந்தின் பெயர், ஆரம்பித்த மாதம், விட்ட மாதம், இடையில் சாப்பிட்ட மாத்திரைகள் எல்லாம் எழுதி நீட்டிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். பழையபடி உடம்பு ஏற்றுவதற்காக வந்திருக்கிறானோ என்று அவர்களுக்கும் ஒரு சந்தேகம் இருக்கும். போட்டியெல்லாம் முடிந்தது, குடும்பம் நடத்த வேண்டும், குழந்தை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

லேப்அக்கா_அஸ்தம்பட்டி:

தம்பி, அந்த நான்கு மணி ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கும். காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்து, இரண்டிலும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் என்பது பல டாக்டர்கள் வைத்திருக்கும் கோடு. இராத்திரி வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் நேராக வந்து கை நீட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் சரிவராது. காய்ச்சல் வந்து எழுந்த வாரமும் வேண்டாம்.

டெஸ்டோஸ்டிரோன் ஒன்றை மட்டும் எடுத்தால் கதையில் பாதிதான் தெரியும். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் கட்டாயம் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்ஹெச்சும் குறைவாக இருந்தால் உத்தரவு வரவில்லை என்று அர்த்தம். எல்ஹெச் ஏறிக்கிடந்தால் உத்தரவு வருகிறது, விரைகள்தான் வேலை செய்யவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. புரோலாக்டின் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து போகும் புரதமான எஸ்ஹெச்பிஜி, தைராய்டு, ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு இவற்றையும் பெரும்பாலும் எழுதுவார்கள். குழந்தை வேண்டும் என்றால் விந்துப் பரிசோதனை, அதற்கு முன்பு இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஜிம் பையன்கள் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். சில மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எல்ஹெச்சைக் குறைத்தும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

---

நாகலூர்_காபி:

நான் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருப்பவன், அதனால் எழுதுகிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டம். வெளியூரில் ஜிம் ட்ரெய்னராக இருந்தபோது ஒன்பது வருஷம் ஏறக்குறைய இடைவெளியே இல்லாமல் போட்டேன். விட்டு இரண்டு வருஷம் காத்திருந்தும் டெஸ்டோஸ்டிரோன் 150ஐத் தாண்டவில்லை. என்னைப் போன்றவர்களும் இருக்கிறார்கள், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

ஆனால் என் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே குழந்தை வேண்டுமா என்பதுதான். டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணுவை நிறுத்திவிடும், ஆண்களுக்கான கருத்தடையாக இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு ஊசி நீட்டியவர்கள் இதைச் சொல்லவில்லை என்று படித்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எனக்கு விந்தணு பூஜ்யம் என்று வந்தது. எல்ஹெச் செய்யும் வேலையைச் செய்கிற ஹெச்சிஜி ஊசியைப் பதினொரு மாதம் போட்டுத்தான் மனைவி உண்டானாள். மகளுக்கு இப்போது இரண்டு வயது. அவள் பிறந்த பிறகுதான் டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பித்தார்கள்.

ஜெல் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், தோளில் தடவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினால் அவள் உடம்பிலும் ஒட்டும். நீண்ட நாள் நிற்கும் அண்டெக்கனோவேட் ஊசிதான் போடுகிறார்கள். முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அப்புறம் பத்திலிருந்து பதினான்கு வாரத்துக்கு ஒன்று. காபிப் பழம் பறிக்கிற காலமானாலும் அந்த நாளுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்த்தான் ஆக வேண்டும். ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹெமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, பார்ப்பார்கள், 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்திவைப்பார்கள். எனக்கு ஒருமுறை 53 வந்து இடைவெளியைக் கூட்டினார்கள். சோர்வு குறைந்தது, வீட்டில் மனுஷனாக இருக்கிறேன். சைக்கிள் போட்ட காலத்தில் இருந்த அந்த வேகம் வரவில்லை, வரவும் வராது, டாக்டர் கொடுப்பது சாதாரண ஆணுக்கு இருக்க வேண்டிய அளவு மட்டும்தான்.

மூளையின் உத்தரவைத் தூண்டுகிற மாத்திரை என்று ஜிம்மில் யாராவது தமாக்ஸிஃபென், குளோமிஃபீன் கையில் திணித்தால் வாங்காதீர்கள். குளோமிஃபீனை டாக்டர்களே கொடுப்பதுண்டு, ஆனால் எண்களைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

---

ஓமலூரான்:

அண்ணா, ஒன்றே ஒன்று. ஊசியை விட்ட பிறகு மனசு அடியோடு விழும், என் தம்பிக்கு அப்படி ஆனது. சோம்பல் என்று நாங்கள் திட்டிக்கொண்டே இருந்தோம். அவன் ஒரு இராத்திரி சொன்ன வார்த்தையைக் கேட்டுத்தான் எங்களுக்குப் புரிந்தது. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். ஹார்மோன் டாக்டரிடமும் அதை மறைக்காதீர்கள்.

---

கொலுசுப்பட்டறை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் மனைவியிடம் சொன்னேன். டாக்டரிடம் சொல்வதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. கன்னங்குறிச்சி வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தோம், நிறுத்திவிட்டு ரோட்டோரத்திலேயே சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், என்மேல் வெறுப்பு இல்லையே, அது போதும் என்றாள். நான்தான் அழுதுவிட்டேன்.

தாளில் எழுதிக்கொண்டு இரண்டு பேருமாகவே டாக்டரிடம் போனோம். படித்துவிட்டு, டெக்கா கடைசியாக எந்த மாதம் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மனசைப் பற்றியும் கேட்டார், ஓமலூர்த் தம்பி எழுதியது ஞாபகம் வந்து மறைக்காமல் சொன்னேன். காலை எட்டு மணிக்கு இரண்டு நாள் எடுத்ததில் டெஸ்டோஸ்டிரோன் 221, 246. எல்ஹெச் 1.3, அதுவும் குறைவுதான். விந்தணு ஒரு மில்லிலிட்டருக்கு 40 லட்சம், ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்க வேண்டுமாம், ஆனால் பூஜ்யம் இல்லையே என்று அவரே சொன்னார். டெஸ்டோஸ்டிரோன் ஊசி இப்போது வேண்டாம், குழந்தை முதலில் என்றார். குளோமிஃபீன் எழுதியிருக்கிறார். விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. அதிலும் உத்தரவு திரும்பவில்லை என்றால் ஹெச்சிஜி பற்றிப் பேசலாம் என்றார், நாகலூர் அண்ணன் எழுதியதைப் படித்திருந்ததால் அந்தப் பெயரைக் கேட்டதும் பயம் வரவில்லை.

அக்கா, முடிக்காக நான் சாப்பிட்ட மாத்திரையில் பயோட்டின் 10 மில்லிகிராம் இருந்தது. ஐந்து நாள் முன்பே நிறுத்திவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன்.